மாசியில் விதைத்தால் சித்திரையிலும் கீரை

 

பொங்கல் முடிந்தது. கிணற்றில் இன்னும் தண்ணீர் இருக்கிறது. காலையில் பனி, பகலில் இதமான வெயில். நம் கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் தை, மாசி இரண்டு மாதமும் புறக்கடைத் தோட்டம் போட ஏற்ற காலம். பங்குனி பிறந்துவிட்டால் வெயில் ஏறிவிடும். செம்மண் தரை காய்ந்து இறுகிப்போகும். சந்தையில் கீரைக்கட்டு சிறுத்து விலை கூடும். அப்போது கூலிக்குப் போகிற வீட்டில் முதலில் குறைவது எது? கீரைதான். சோறு இருக்கும், குழம்பு இருக்கும், கீரை இருக்காது.

"ரெண்டு மாசம் கீரை சாப்பிடலைன்னா என்ன ஆயிடும்?" என்று கேட்கலாம். 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்த சோகை இருக்கிறது. பிரசவத்தின்போது எந்தத் தாய்க்கும் ஓரளவு ரத்தம் போகத்தான் செய்யும். நல்ல ரத்தம் உள்ளவள் அதைத் தாங்கிக்கொள்வாள். சோகை பிடித்தவளுக்கு அதே அளவு ரத்தம் போனாலும் உயிருக்கே ஆபத்து வரலாம். அதனால் புறக்கடையில் ஒரு கீரைப் பாத்தி என்பது பொழுதுபோக்கு அல்ல. அது வீட்டுப் பெண்ணின் உயிரைக் காக்கும் வேலைகளில் ஒன்று.

வாரம் ஒரு பாத்தி

"எங்க வீட்ல எடம் ஏது?" என்பார்கள். ஐந்தடி நீளம், மூன்றடி அகலத்தில் நான்கு பாத்திகள் போதும். பகலில் ஐந்தாறு மணி நேரம் வெயில் படுகிற இடமாக இருக்கட்டும். ஓரடி ஆழம் கொத்தி, கல்லையும் வேரையும் பொறுக்கி, இரண்டு நாள் காயவிடுங்கள். பாத்திக்கு இரண்டு கூடை மக்கிய எரு போட்டுக் கலந்து சமப்படுத்துங்கள். பச்சைச் சாணம் வேண்டாம். அதன் சூட்டில் இளஞ்செடி கருகும், ஈயும் மொய்க்கும்.

நான்கு பாத்தியிலும் ஒரே நாளில் விதைப்பதுதான் பலர் செய்யும் தவறு. கீரையெல்லாம் ஒன்றாக வளர்ந்து, ஒன்றாக முற்றி, ஒன்றாகத் தீர்ந்துவிடும். வாரத்துக்கு ஒரு பாத்தி மட்டும் விதையுங்கள். முளைக்கீரையும் சிறுகீரையும் 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். நான்காவது பாத்தி விதைத்த சில நாளில் முதல் பாத்தி பறிப்புக்குத் தயாராகிவிடும். பறித்த பாத்தியைக் கொத்தி, எருப் போட்டு, மறுபடி விதைத்தால் இந்தச் சுழற்சி நிற்காது. நன்றாக விளைந்த ஒரு பாத்தியில் ஒரு கிலோவுக்குக் குறையாமல் கீரை கிடைக்கும்.

கீரை விதை கடுகைவிடச் சிறியது. இரண்டு சிட்டிகை விதையை ஒரு பிடி மணலில் கலந்து தூவுங்கள். மேலே மெல்லியதாக வைக்கோல் பரப்பி, கையால் தண்ணீர் தெளியுங்கள். குடத்தோடு ஊற்றினால் விதை ஓரத்துக்கு அடித்துப்போகும். முளை தெரிந்ததும் வைக்கோலை எடுத்துவிடலாம்.

வேலி ஓரத்தில் ஒன்றரை அடிக் குழி எடுத்து எருவும் மண்ணும் நிரப்பி, பூசணி, பீர்க்கு, சுரை ஊன்றுங்கள். குழிக்கு நாலு விதை போட்டு, முளைத்தபின் நல்ல செடி இரண்டை மட்டும் விடுங்கள். கூரையிலோ பந்தலிலோ ஏற்றினால் தரையில் இடம் அடைக்காது. செடி முருங்கை விதை ஒன்றும் போட்டு வையுங்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 ரகம் ஆறு மாதத்தில் காய்க்கும்.

வெயில் ஏறியதும் செடியடியில் மல்லாட்டை ஓட்டையோ சருகையோ பரப்புங்கள். மண்ணின் ஈரம் சீக்கிரம் காயாது. அடுப்பில் போடுகிற ஓடு இப்படி உதவட்டும்.

தண்ணீரும் சுத்தமும்

அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் கீரைக்குப் போகட்டும். சோப்பு நீர் கீரைக்கு ஆகாது. அதை வாழைக்கு விடலாம். எங்கும் குட்டையாகத் தேங்கவிடாதீர்கள். கொட்டாங்கச்சி, உடைந்த பானை, தொட்டி ஆகியவற்றில் ஒரு வாரம் நீர் நின்றால் டெங்குக் கொசு உற்பத்தியாகிவிடும்.

கக்கூஸ் குழிக்கு அருகிலும், பிள்ளைகள் வெளிக்குப் போகிற இடத்திலும் பாத்தி போடக் கூடாது. மலம் கலந்த மண்ணில் கொக்கிப்புழு இருக்கும். அது வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்புக்குள் போய், குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். ஒரு பக்கம் கீரை தின்று, மறுபக்கம் புழுவுக்கு ரத்தம் கொடுத்தால் என்ன லாபம்? தோட்டத்தில் செருப்புப் போட்டு வேலை செய்யுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கொடுக்கிற குடற்புழு மாத்திரையைப் பிள்ளைகள் விழுங்கினார்களா என்று கேளுங்கள்.

பூச்சி விழுந்த இலையைக் கிள்ளி எறியுங்கள். கீரைக்கு விஷ மருந்து அடிக்கவே வேண்டாம்.

சமைக்கும் முறை

கீரையை அரியும் முன்பே மூன்று தண்ணீரில் அலசுங்கள். அரிந்த பிறகு அலசினால் சத்து தண்ணீரோடு போய்விடும். மூடிபோட்டு, கொஞ்ச நேரம் மட்டும் வேகவிடுங்கள். வெந்த நீரைக் கொட்டாதீர்கள். ஒரு கரண்டி எண்ணெய் சேர்த்தால்தான் கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ சத்து உடம்பில் சேரும். எலுமிச்சை பிழிந்தால் இரும்புச் சத்து கூடுதலாகச் சேரும். சாப்பாட்டை ஒட்டி டீ, காப்பி குடித்தால் அந்தச் சத்து தடைப்படும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். கீரையில் உள்ள இரும்புச் சத்தில் கொஞ்சம்தான் உடம்பில் சேரும். "கீரை சாப்பிடறேனே, மாத்திரை எதுக்கு?" என்று கர்ப்பிணிகள் சொல்லக் கூடாது. நாலாவது மாதம் முதல் தினம் ஒரு இரும்புச் சத்து மாத்திரை வீதம் 180 நாளும், பிரசவத்துக்குப் பின் இன்னொரு 180 நாளும் சாப்பிட வேண்டும். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது சோகை. கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு உங்கள் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்.

யார் தட்டில் கீரை?

பாத்தியில் கீரை இருக்கும், சட்டியிலும் இருக்கும். ஆனால் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகிற மருமகளுக்குச் சட்டியின் அடிதான் மிஞ்சும். யாருக்கு அதிகம் வேண்டுமோ அவளுக்கே குறைகிறது. கர்ப்பிணிக்குத் தினம் 100 கிராம் கீரை வேண்டும் என்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு வழிகாட்டி சொல்கிறது. அந்தப் பங்கை முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். மாமியார் கையால் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. பிள்ளை பெற்றவளுக்குக் கீரை ஆகாது என்று ஒதுக்குவதும் சரியல்ல. நன்றாக வேகவைத்த கீரை தாய்க்கு நல்லது, பால் குடிக்கும் குழந்தைக்கும் கெடுதல் இல்லை.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. மண் கொத்துவதும் குடம் சுமப்பதும் கர்ப்பிணியின் வேலை அல்ல. அரை நாள் மண்வெட்டி பிடித்தால் நாலு பாத்தியும் தயார். தினமும் மாலையில் தண்ணீர் விடுவதும் உங்கள் பொறுப்பாக இருக்கட்டும்.

இந்த வாரமே முதல் பாத்தியை விதையுங்கள். அடுத்த வாரம் இரண்டாவது. சித்திரை வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் உங்கள் வீட்டுப் பெண்ணின் தட்டில் கீரை இருக்கும்.