பழைய டீசல் டிராக்டர் வாங்குதல்

பழைய டீசல் டிராக்டர் வாங்குதல் என்பது, ஏற்கெனவே ஒருவரிடம் உழைத்த வண்டியை அவரிடமிருந்து நேரடியாகவோ தரகர் மூலமாகவோ விலைக்குப் பெறுவதாகும். புது வண்டியின் கடன் தவணையைச் சுமக்க இயலாத உழவர்கள் இவ்வழியை நாடுவதுண்டு. விலை குறைவு என்பது உண்மைதான். ஆனால், சம்பா நடவுக்குச் சேறடிக்கும் வாரத்தில் வண்டி பட்டறையில் நின்றுவிட்டால் பழுதுச் செலவோடு வாடகை டிராக்டருக்கும் பணம் கொடுக்க நேரும். நாற்றும் முற்றிவிடும்.

தேவைக் கணக்கு

ஐந்து ஏக்கர் நிலம், பருவத்துக்கு மூன்று சால் உழவு, ஆண்டுக்கு இரண்டு பருவம், ஏக்கருக்குச் சாலொன்றுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 30 மணி நேர வேலைதான் வரும். வேளாண் பொறியியல் கணக்குகளில் ஒரு டிராக்டர் ஆண்டுக்கு 1,000 மணி நேரம் வீதம் 10 ஆண்டுகள் உழைக்கும் என்று கொள்வது வழக்கம். 30 மணி நேரத்துக்காகச் சொந்த வண்டி வைத்திருப்பது கணக்குக்கு ஒத்துவராது. அக்கம்பக்கத்து நிலங்களை வாடகைக்கு உழுதால், அல்லது டிரெய்லர் வேலை கிடைத்தால் நிலைமை மாறும். தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறையும் டிராக்டர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறது. எனினும், பருவத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வண்டி தேவைப்படுவதால் கூப்பிட்ட நாளில் வாடகை வண்டி வருவதில்லை. அதற்காகவே சொந்தமாக வாங்குபவர்களைத் தவறு என்று சொல்ல முடியாது.

வண்டி செய்த வேலை

வண்டியின் மாடல் ஆண்டைவிட அது செய்த வேலையே அதன் நிலையைச் சொல்லும். ஹவர் மீட்டரை முழுதாக நம்ப இயலாது. பழைய வண்டிகளில் அது இன்ஜின் சுழற்சியால் கேபிள் வழியாக ஓடுவது. குறிப்பிட்ட வேகத்தில்தான் ஒரு மணி நேரத்தை ஒரு மணியாகக் காட்டும். மெதுவாக ஓடினால் குறைவாகவே எண்ணும். கேபிள் அறுந்தால் நின்றுவிடும்.

புஞ்சையில் மட்டும் உழுத வண்டியும் கேஜ் வீல் மாட்டி ஆண்டுதோறும் சேறடித்த வண்டியும் ஒன்றல்ல. சேற்றில் பின் அச்சின் ஆயில் சீல்கள் தேய்ந்து, பிரேக்குக்குள்ளும் கியர் பெட்டிக்குள்ளும் தண்ணீர் புகும். கியர் ஆயில் பால் கலந்த தேநீர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். செங்கல், மணல் என்று பாரம் இழுத்த வண்டியில் கிளட்சும் பிரேக்கும் முதலில் தேய்ந்திருக்கும். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் காய்ந்த சேறு, டிரெய்லர் கொக்கியின் தேய்மானம் ஆகியவை வண்டியின் பழைய வேலையைக் காட்டிக்கொடுக்கும். புதுப் பெயின்ட் எதையும் காட்டாது.

இன்ஜின் சோதனை

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி, அந்தச் சூட்டில் டீசல் எரிகிறது. ரிங்கும் லைனரும் தேய்ந்தால் அழுத்தம் கசிந்து, குளிர்ந்த நிலையில் இன்ஜின் எளிதில் பிடிக்காது. இதனால்தான் சில விற்பனையாளர்கள் வாங்குபவர் வருமுன் வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைப்பார்கள். காலையில் போய், முதலில் இன்ஜினில் கைவைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம்.

தொடங்கியதும் சிறிது நேரம் வெள்ளைப் புகை வருவது இயல்பு. சூடான பிறகும் நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட் பழுதாகியிருக்கலாம். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். பாரம் இழுக்கும்போது தொடர்ந்து வரும் கரும்புகைக்கு அடைத்த ஏர் பில்டரோ இன்ஜெக்டர் கோளாறோ காரணமாகலாம். இவை பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் புகை பலமாக அடித்தால் இன்ஜின் வேலை நெருங்கிவிட்டது.

ஆயில் பாத் ஏர் கிளீனரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. அதில் ஆயில் வற்றிச் சேறு உறைந்திருந்தால், தூசி நேராக சிலிண்டருக்குள் போயிருக்கிறது. பராமரிப்பு எப்படி இருந்தது என்பதை உரிமையாளரின் பேச்சைவிட அந்தக் கிண்ணம் தெளிவாகச் சொல்லும்.

லிப்ட்டைச் சோதிக்க, கலப்பையைத் தூக்கி இன்ஜினை நிறுத்திவிட்டுக் கவனிக்க வேண்டும். உடனே கீழே இறங்கினால் கசிவு உண்டு. ஆயில் சூடான பின்பும் ஒருமுறை தூக்கிப் பார்க்க வேண்டும். தேய்ந்த பம்பு அப்போதுதான் தளரும்.

உதிரிபாகம்

எந்த வண்டிக்கு உள்ளூரில் மெக்கானிக்கும் பாகமும் கிடைக்குமோ அதுவே நல்ல வண்டி. 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் மாஸி பெர்குசன் 1035 வண்டியில் சிம்சன் இன்ஜின் உள்ளது. அதைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் பலர். எச்.எம்.டி. டிராக்டர் பிரிவை மூட மத்திய அரசு 2016இல் முடிவெடுத்தது. அந்த வண்டியை வாங்குவோர் பாகம் எங்கே கிடைக்கும் என்று முன்பே விசாரிக்க வேண்டும்.

ஆவணங்கள்

ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேஸிஸ், இன்ஜின் எண்களை வண்டியோடு ஒப்பிட வேண்டும். வேளாண் டிராக்டரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வங்கிக் கடன் குறிப்பு இருந்தால் படிவம் 35 மூலம் அதை நீக்கிய பின்பே முழுத் தொகையைக் கொடுக்கலாம். பெயர் மாற்றத்துக்கு 29, 30 ஆகிய படிவங்கள் தேவை. டிரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டு. அதன் புத்தகத்தையும் கேட்டு வாங்க வேண்டும்.