முதல் செலவு கம்பிக்கு

அணுபுரம், கல்பாக்கம் குடியிருப்புகளில் வாழும்வரை சுவரில் விரிசல் விட்டாலும் கூரை ஒழுகினாலும் பார்த்துக்கொள்ள அணுசக்தித் துறை இருக்கிறது. ஓய்வு பெற்றதும் குடியிருப்பைக் காலி செய்து, கூடமும் சமையலறையும் தடுப்பின்றி ஒன்றாகக் கிடக்கும் சிறிய பழைய அடுக்குமாடி வீட்டை வாங்குகிறவருக்கு அந்தப் பொறுப்பு சொந்தப் பொறுப்பாகிவிடுகிறது. அப்போது கையிலிருக்கும் பணம் டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன் என்றே கரைகிறது. கடலோரத்தில் இந்த வரிசை தவறு. முதல் செலவு காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கும், அதை நனைக்கும் கசிவுக்கும் ஆக வேண்டும்.

உப்பின் வலிமைக்கு மாமல்லபுரமே சாட்சி. கடற்கரைக் கோயிலின் கருங்கல்லையே அது அரிக்கிறது; தொல்லியல் துறை ஈரக் காகிதக் கூழை அப்பி அந்த உப்பை உறிஞ்சி எடுக்கிறது. கல்லுக்கே இந்தக் கதி என்றால் கம்பி எம்மாத்திரம்? உப்பு உள்ளிறங்கினால் கம்பி துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்து உப்பிக் காங்கிரீட்டைப் பிளக்கிறது. அதனால்தான் கடற்காற்று நேரடியாகப் படும் காங்கிரீட்டில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் காங்கிரீட் காப்பு (கவர்) வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456 தரவிதி. திறந்த அமைப்பு வீட்டில் சுவர்கள் குறைவு; ஒயர் போக வழியில்லாமல் தூணையும் கூரையையும் கொத்துகிறார்கள். கொத்துகிற ஒவ்வொரு மில்லிமீட்டரும் அந்தக் காப்பிலிருந்து போகிறது. பிறகு ஃபால்ஸ் சீலிங் போட்டால், விரிசலும் மேல்வீட்டுக் கசிவும் முற்றும்வரை கண்ணில் படாது. பழைய தரைமீதே புது டைல்ஸ் ஒட்டுவதும் தவறுதான். வீட்டுத் தளத்தின் புழக்கச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்றே கணக்கிடப்படுகிறது. கலவையும் டைல்ஸும் சேர்ந்து அதில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

அணுபுரம் கடலிலிருந்து தள்ளித்தானே இருக்கிறது என்று கேட்கலாம். உள்ளே போகப் போக உப்பு குறைவது உண்மைதான். ஆனால் காற்றிலுள்ள கரியமில வாயு காங்கிரீட்டின் காரத்தன்மையை ஆண்டுக்கணக்கில் குறைக்கிறது. அதோடு குளியலறைக் கசிவும் சேர்ந்தால் உப்பே இல்லாமலும் கம்பி துருவேறும். என் வீடு, என் விருப்பம் என்பாரும் உண்டு. ஆனால் தமிழ்நாட்டின் 1994ஆம் ஆண்டு அடுக்குமாடி உடைமைச் சட்டமே தூணையும் பீமையும் எல்லோருக்கும் பொதுவாகத்தான் வைத்தது. கீழ்வீட்டின் தூணில் விழும் உளி மேல்வீட்டையும் தொடுகிறது.

அப்படியானால் அழகே வேண்டாமா என்பது நியாயமான கேள்வி. வேண்டும், ஆனால் அதற்குரிய இடத்தில். முதலில் கூரையைத் தட்டிப் பார்க்க வேண்டும். பொள்ளலாக ஒலிக்கும் இடத்தைப் பொறியாளரைக் கொண்டு உடைத்து, துரு நீக்கி, கம்பிக்குக் காப்புப் பூச்சு கொடுத்து மூட வேண்டும். கசிவை அடைத்து, ஓதம் முழுதும் காய்ந்த பிறகே வண்ணம். ஒயர் சுவரின் மேல் பொருத்தும் பட்டைக்குள் ஓடலாம். தடுப்பில்லாத சமையலறையின் தாளிப்புப் புகைக்கு எக்ஸாஸ்ட் விசிறி போதும். பகலில் வேலையும் இரவில் பாயும் ஒரே கூடத்தில் புழங்கிய வீடுகள் நம்முடையவை. அகற்றி வைக்கக்கூடிய சாமான்களே சிறு வீட்டைப் பெரிதாக்கும். அதற்கு எந்தத் தூணையும் கொத்த வேண்டியதில்லை.