பரமட்டா எம்.பி.யின் பெயரில் ஒரு கார்

(கைக்குள் அடங்கிய வேகம் – 9)

போன கிழமை உங்களை மெல்பேர்ன் அல்பேர்ட் பார்க்கில் விட்டுவிட்டு வந்தேன். 2005 மார்ச் 6ஆம் திகதி, கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் மஞ்சள் ஜோர்டான் காரில் தன் முதல் ஃபோர்முலா வன் பந்தயத்தை 15ஆவதாக முடித்த இடம் அது. அந்த 19ஆம் இலக்கக் காரை ஜெர்மனியின் மினிசாம்ப்ஸ் கொம்பனி 43இல் ஒரு பங்கு அளவில் செய்து விற்றது. "15ஆவதாக வந்தவனுக்கும் மொடலோ?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். அதைவிட நியாயமான கேள்வி ஒன்று என்னிடம் உண்டு. உலக சாதனையே வைத்த ஒரு கார், இருபது வருடமாக நான் அலசிய எந்தப் பொம்மைச் சந்தை மேசையிலும் ஏன் இல்லை? அந்தக் கார் சிட்னிப் பொறியியலாளரின் கைவேலை. அதன் பெயரோ எங்கள் பரமட்டாத் தொகுதியின் அந்தக் கால எம்.பி.யின் பெயர்.

பரமட்டாவில் வேகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பூங்காவில் இருந்து தொடங்குவதுதான் முறை. பரமட்டா பூங்காவில் ஒரு கல்தூண் நிற்கிறது. பிள்ளைகள் அதைச் சுற்றி சைக்கிள் ஓடுவார்கள். யாருடைய தூண் என்று கேட்டால் பெரியவர்களுக்கும் தெரியாது. 1847 டிசம்பர் 7ஆம் திகதி, ஆளுநர் சேர் சார்ல்ஸ் ஃபிட்ஸ்ரோய் அரச மாளிகை வாசலில் இருந்து குதிரை வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு புறப்பட்டார். கடிவாளம் கையில் இருந்தால் அவருக்கு மெதுவாகப் போகத் தெரியாது என்று ஊரே அறியும். சரிவில் குதிரைகள் மிரண்டு ஓட, வண்டி ஓக் மரத்தில் மோதிக் கவிழ்ந்தது. அவருடைய மனைவி மேரி சீமாட்டியும் உதவி அதிகாரி ஒருவரும் இறந்துபோனார்கள். ஓட்டியவர் பிழைத்துக்கொண்டார். அந்தச் சாவின் நினைவுதான் அந்தத் தூண். நூறு வருடம் கழித்து, 1952இல், அதே பூங்காவின் உள்சாலைகளில் கார்ப் பந்தயம் நடத்தினார்கள் என்பதைச் சொன்னால் நம்புகிறீர்களா? நடத்தினார்கள். பூங்காவை ஒட்டிய கம்பர்லாண்ட் ஓவலின் மண்தடத்தில் சிறிய மிட்ஜெட் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் புழுதி கிளப்பிய காலமும் உண்டு. இன்று பெரிய காற்பந்து அரங்கு நிற்பது அந்த இடத்தில்தான்.

இனி எம்.பி.யிடம் வருவோம். ஃபிரெட் ஸ்டுவர்ட் பஸ் முதலாளி. காணிகளைப் பிரித்து விற்று, வாங்கிய சனம் வந்துபோக பஸ்ஸும் விட்டவர். 1931 டிசம்பரில் பரமட்டாவில் நின்று வென்று பாராளுமன்றம் போனார். 1946 வரை தொகுதி அவர் கையில்தான் இருந்தது. அமைச்சராகவும் ஆனார், பிறகு சேர் பட்டமும் கிடைத்தது. தேர்தலுக்கு முன்னரே அவர் பணம் போட்ட ஒரு கார் தயாராகிக்கொண்டிருந்தது. பெயர் ‘ஃபிரெட் எச். ஸ்டுவர்ட் என்டர்பிரைஸ்’. பணம் போட்டவர் தன் முழுப் பெயரையும் முதலெழுத்தோடு எழுதுவித்திருக்கிறார். எங்கள் ஊரில் கோயில் குழல் விளக்கில் உபயகாரர் பெயர் எழுதுவதுபோல. வெளிச்சம் மங்கினாலும் பெயர் தெரியவேண்டும்.

வடிவமைத்தவர் டொன் ஹார்க்னஸ். பரமட்டா வீதியால் சிட்னிக்குப் போகும்போது வரும் ஃபைவ் டொக் பகுதியில் பட்டறை வைத்திருந்த பொறியியலாளர். 1925இல் சிட்னிக்குத் தெற்கே செவன் மைல் கடற்கரையில் மணிக்கு 100 மைலைத் தாண்டி ஓட்டியவர். அவுஸ்திரேலியாவில் அந்த எல்லையைக் கடந்த முதல் ஆள் அவர்தான். ஓட்டுநர் நோர்மன் ஸ்மித்தை ஊர் ‘விசார்ட்’, அதாவது மந்திரவாதி என்றே கூப்பிட்டது. நகரத்துக்கு நகரம் நேரக் கணக்குப் போட்டு ஓட்டிப் பேர் வாங்கியவர். இருவரும் சேர்ந்து முதலில் செய்த ‘அன்சாக்’ காருக்குக் கடிலாக் அடிச்சட்டம், ரோல்ஸ் ரோய்ஸ் ஈகிள் விமான எஞ்சின். 1930 ஜனவரியில் நியூசிலாந்தின் நைன்ட்டி மைல் கடற்கரையில் அதை ஓட்டி, 10 மைல் தூரத்துக்கான உலக சாதனையை மணிக்கு 148 மைலில் வைத்தார்கள். (பெயர் நைன்ட்டி மைல். அளந்தால் 55 மைல். கடற்கரைக்குப் பெயர் வைத்தவரும் வியாபாரிதான் போலிருக்கிறது.)

அடுத்த ஆசை பெரிது. ஒரு மைல் தூரத்துக்கான உலக சாதனை இங்கிலாந்தின் மல்கம் கம்பெலிடம் இருந்தது. 1931 பெப்ரவரியில் அமெரிக்காவின் டேட்டோனா கடற்கரையில் மணிக்கு 246 மைல் ஓடியிருந்தார். அதை முறியடிக்கத்தான் என்டர்பிரைஸ். உள்ளே நேப்பியர் லயன். பன்னிரண்டு சிலிண்டர், மூன்று வரிசை, விமானங்களுக்காகப் பிறந்த எஞ்சின். 1929இல் ஹென்றி சீக்ரேவின் கோல்டன் அரோ இந்த வகை எஞ்சினோடுதான் டேட்டோனாவில் 231 மைலைத் தொட்டது.

சிக்கல் சூட்டில் தொடங்கியது. விமானத்தில் எதிர்காற்றே எஞ்சினைக் குளிர்விக்கும். காரில் அந்தக் காற்றை உள்ளே விட்டால் அது முகத்தில் அறைந்து வேகத்தைத் தின்னும். கோல்டன் அரோ இதற்குப் பனிக்கட்டிப் பெட்டி வைத்துத் தப்பியது. சில நிமிட ஓட்டத்துக்கு ஐஸ் போதும். என்டர்பிரைஸில் ஹார்க்னஸ் மூக்கைக் கூர்மையாக வைத்துத்தான் கீறியிருந்தார். குளிரூட்டும் ஏற்பாடு சரிவரவில்லை. முன்னால் பெரிய ரேடியேற்றரைக் கொண்டுவந்து பூட்டினார்கள். கீறியவருக்கு வயிறு எரிந்தது. அவருக்கும் ஸ்மித்துக்கும் உறவு முறிந்தது. கல்யாண வீட்டில் பெண்ணுக்கு ஆர் நகை போடுவது என்று பிடிபட்ட சண்டை மாதிரி, அது பிறகு ஆறவேயில்லை.

நைன்ட்டி மைல் கடற்கரையும் ஒத்துழைக்கவில்லை. வற்று நேரத்தில் மட்டும் கிடைக்கிற ஈரமணல் அது. அலை இறங்கவேண்டும், காற்று அடங்கவேண்டும், மணல் இறுகவேண்டும். மூன்றும் ஒரே நாளில் வாய்ப்பது அபூர்வம். சாதனை ஏற்கப்படவேண்டுமானால் ஒரு திசையில் ஓடி, குறித்த நேரத்துக்குள் திரும்பி ஓடி, இரண்டின் சராசரியைக் காட்டவேண்டும். 1932 ஜனவரியில் ஸ்மித் 10 மைல் உலக சாதனையை 164 மைல் வேகத்துக்கு உயர்த்தினார். ஒரு மைல் சாதனை கிடைக்கவில்லை. அடுத்த மாதமே கம்பெல் டேட்டோனாவில் 253 மைலுக்கு மேல் போய்விட்டார். சிட்னிப் பத்திரிகைகள் மந்திரவாதியைக் கிழித்துத் தொங்கவிட்டன.

இதில் எனக்கு ஆற்றாமை ஒன்று உண்டு. கோல்டன் அரோ தன் வாழ்நாளில் ஓடிய மொத்தத் தூரம் நாற்பது மைலுக்கும் குறைவு. அதற்கு அமெரிக்காவின் கிங்ஸ்பரி கொம்பனி சாவி கொடுத்து ஓடும் தகரப் பொம்மை செய்தது. என்டர்பிரைஸ் பத்து மைலை ஒரே மூச்சில் ஓடிய கார். பத்து மைல் சாதனைக்குக் கடைக் கண்ணாடிக்குள் இடம் இல்லை. பொம்மைக்காரர்களுக்குத் தெரிந்தது ஒரு மைல் கணக்கு மட்டும்தான்.

வென்ற கார்கள் மட்டும் பத்திரமாக இருந்தனவா என்றால் அதுவுமில்லை. ஜோர்ஜ் ஐஸ்டனின் தண்டர்போல்ட்டை எடுங்கள். எட்டுச் சக்கரம், ஏழு தொன், இரண்டு ரோல்ஸ் ரோய்ஸ் ஆர் எஞ்சின். 1938இல் அமெரிக்காவின் பொன்னவில் உப்புப் பரப்பில் மணிக்கு 357 மைல் ஓடியது. அதே கோடையில் ஒரு ஓட்டம் வீணாய்ப் போன கதை வேடிக்கையானது. காரின் உடம்பு பளபளக்கும் அலுமினியம், நிலமோ வெள்ளை உப்பு. நேரம் எடுக்கும் ஒளிக்கருவிக்குக் கார் கண்ணிலேயே படவில்லை! பக்கவாட்டில் கறுப்புப் பூசி, நடுவில் மஞ்சள் வட்டம் போட்ட பிறகுதான் கணக்கு விழுந்தது. அந்தக் கார் 1939இல் நியூசிலாந்தின் வெலிங்டனுக்கு, நூற்றாண்டுக் கண்காட்சிக்குக் கப்பலில் வந்தது. யுத்தம் வந்தது, அங்கேயே கிடந்தது. 1946இல் அது நின்ற கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. எஞ்சின்களை முன்னரே கழற்றிக் கொண்டுபோயிருந்ததால் அவை தப்பி இன்று லண்டன் மியூசியங்களில் இருக்கின்றன. உடம்பு போய்விட்டது.

மிஞ்சியது லிவர்பூலில் டிங்கி பொம்மைக் கொம்பனி வார்த்த, உள்ளங்கைக்குள் அடங்கும் தண்டர்போல்ட். அதற்கும் ஒரு நோய். யுத்தத்துக்கு முந்திய டிங்கிகள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. வார்க்கும்போது கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டால் போதும், பல வருடம் கழித்து உலோகம் உள்ளே ஊதும், வெடிக்கும், கடைசியில் பிஸ்கட்டாய் உதிரும். வெடிப்பு ஓடிய சாமானை வாங்கி, பசை போட்டுப் பாதுகாக்கலாம் என்று நினைக்காதீர்கள். மருந்து இல்லை. நான் ஒருமுறை மேற்கு சிட்னியில் ஒரு மண்டபத்தில் நடந்த பழைய பொம்மைச் சந்தையில், வெள்ளித்தூள் மின்னிய ஒன்றை ஆசையாய்த் தூக்கினேன். மூக்குப் பகுதி என் கையில், மிச்சம் மேசையில். விற்றவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாய் இருந்தது. காசைக் கொடுத்துவிட்டு இரண்டு துண்டையும் கொண்டுவந்தேன்.

கோர்கி என்ற இன்னொரு பொம்மைக் கொம்பனியின் நீலப்பறவை வேறு மாதிரி. டொனால்ட் கம்பெல், மல்கமின் மகன், புளூபேர்ட் என்ற காஸ் டர்பைன் காரைச் செய்வித்தார். 1960இல் கோர்கி அதன் மொடலைக் கடைக்கு விட்டது. இலக்கம் 153. அதே வருடம் செப்டெம்பரில் கார் பொன்னவில்லில் 360 மைல் வேகத்தில் புரண்டு நொருங்கியது. கம்பெல் உயிர் தப்பினார். திரும்பக் கட்டும்போது பின்னால் உயரமான வால் செட்டையைப் பொருத்தினார்கள். அந்தக் கார்தான் தென் அவுஸ்திரேலியாவின் ஏர் ஏரிக்கு வந்தது. பல வருடம் மழை காணாத உப்பு ஏரி, கம்பெல் வந்த 1963இல் வெள்ளக்காடாகிவிட்டது. 1964 ஜூலை 17ஆம் திகதி, இன்னும் ஈரம் காயாத உப்பில், மணிக்கு 403.1 மைல். அந்த வருடம் டிசம்பர் 31ஆம் திகதி மேற்கு அவுஸ்திரேலியாவின் டம்பிள்யங் ஏரியில் படகிலும் 276 மைல் ஓடி நீர்ச் சாதனையும் எடுத்தார். ஒரே வருடத்தில் நிலமும் நீரும் எடுத்தவர் அவர் ஒருவர்தான்.

இப்போது உங்கள் அலுமாரியில் 1960ஆம் ஆண்டுக் கோர்கி இருந்தால் எடுத்துப் பாருங்கள். வால் செட்டை இராது. நீங்கள் வைத்திருப்பது ஏர் ஏரியில் வென்ற கார் அல்ல, பொன்னவில்லில் உடைந்த கார். பெட்டியில் வேகச் சாதனைக் கார் என்றே எழுதியிருக்கும். சாதனைக்கு நாலு வருடம் முந்தியே பொம்மை பிறந்துவிட்டது. எனக்கு இதில் கோர்கிமேல் கோபம் இல்லை. ஒரு காருக்கு ஒரு உடம்பு என்று நாங்கள் நினைப்பதுதான் பிழை. மொடல் செய்கிறவன் எந்த நாளின் கார் என்று முதலில் தீர்மானிக்கவேண்டும்.

டூன்காபியில் இருக்கும் ஒரு அண்ணையிடம் இதைச் சொன்னேன். எண்பதைத் தாண்டியவர். யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40 வாடகைக்கு ஓடியவர். தொண்ணூறுகளில் பெற்றோல் தடை வந்தபோது, ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடியவர். "அப்ப உன்ர என்டர்பிரைஸை நீயே செய்யன்" என்றார். மரத்தில் செதுக்கலாம், படம் பார்த்துக் கீறலாம், அது பிரச்சினை இல்லை. எந்த என்டர்பிரைஸ்? ஹார்க்னஸ் காகிதத்தில் கீறிய கூர்மூக்குக் காரா, மணலில் ஓடிய ரேடியேற்றர் காரா? முதலாவது வடிவு. இரண்டாவது, உள்ளதைச் சொன்னால், அவலட்சணம்.

அண்ணை கொஞ்ச நேரம் யோசித்தார். "என்ர ஒஸ்ரினை ஆரும் மொடல் செய்தால், மண்ணெண்ணெய்ப் போத்தலையும் பக்கத்தில கட்டிவிடவேணும் தம்பி. இல்லாட்டி அது என்ர கார் இல்லை."

43இல் ஒரு பங்கு என்ற மொடல் கணக்குக்கே இப்படி ஒரு வளைந்த பிறப்பு உண்டு. பொம்மை ரயிலுக்கு ஒரு அடியை 7 மில்லிமீற்றராகச் சுருக்கினார்கள். ரயில் நிலையத்தில் நிறுத்த வார்த்த கார்களும் அதே அளவில் வந்தன. ரயில் போனது, கணக்கு நின்றது. நானும் அதே அளவைத்தான் பிடிக்கப்போகிறேன். மரத்துண்டு வாங்கியாயிற்று, கார்த்திகேயனின் மஞ்சள் ஜோர்டானுக்குப் பக்கத்தில் இடமும் ஒதுக்கியாயிற்று. ரேடியேற்றர் முன்னால் இருக்கும்.

உங்கள் வீட்டில் யாரிடமாவது 1930களின் சிட்னிப் பத்திரிகைத் துண்டுகளோ, அந்தக் காரின் பக்கவாட்டுப் படமோ இருந்தால் ஆசிரியருக்கு ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். பின்பக்கம் தெரியும் படம் என்றால் இன்னும் நல்லது.