குரோஷாப் பின்னலின் முதற் பாடம்

பின்னற் கலைகள் பலவற்றுள்ளும் மிகக் குறைந்த கருவி கொண்டு கற்கத்தக்கது குரோஷாவாகும். நுனியிற் கொக்கியுடைய ஊசி ஒன்று, நூற்பந்து ஒன்று, இவ்விரண்டே போதும். 'குரோஷே' என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குச் சிறு கொக்கி என்பது பொருள். அதுவே நம் இல்லங்களிற் குரோஷா என வழங்குகின்றது. அதன் முதற் பின்னலைக் கற்கும் முறையையும், அக்கொக்கிக்கும் நம் பக்கத்துத் தோற்றொழிலுக்கும் உள்ள உறவையும் ஈண்டுச் சிறிது கூறப் புகுகின்றேன்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் வாழ்வார்க்குத் தோல் தைக்கும் ஊசி புதிதன்று. செருப்புத் தைப்போர் கையாளும் குத்தூசியின் நுனியில் ஒரு வெட்டு உண்டு. அது தோலை ஊடுருவி, அப்பாலுள்ள நூலைக் கண்ணியாகப் பற்றி இப்பால் இழுத்து வரும். கட்சு நாட்டு மோச்சிகள் என்னும் தோல்வினைஞர் இத்தகைய 'ஆரி' ஊசியால் முதலில் தோலிலும் பின்னர்ப் பட்டிலும் பூவேலை செய்தனர். இன்று நம் தையற்கடைகளில் இரவிக்கைகளுக்குச் செய்யும் ஆரி வேலை அம்மரபினதே. கீழ்நாட்டுக் கொக்கியூசி வேலை 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிற் பரவிற்று. பின்னர் அங்குள்ளோர் அடித்துணியை நீக்கி, வெறுநூலிலேயே கண்ணிகளைக் கோக்கத் தலைப்பட்டனர். அதுவே குரோஷாவாயிற்று என்பது ஆய்வாளர் பலர் கருத்து.

இனி முறையைக் காண்போம். நூலின் நுனியில் ஒரு சாண் விட்டுச் சுருக்கு முடிச்சிட்டு, அதனை ஊசியிற் கோத்துக்கொள்க. வலக்கையில் ஊசியை எழுதுகோல்போற் பிடித்து, பந்திலிருந்து வரும் நூலை இடக்கைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, ஆள்காட்டி விரலின்மேற் செல்ல விடுக. முடிச்சின் அடியை இடக்கைப் பெருவிரலும் நடுவிரலும் பற்றியிருத்தல் வேண்டும். நூலை ஊசியின் பின்புறமிருந்து மேலாக முன்புறம் கொணர்ந்து, கொக்கியிற் சிக்கவைத்து, ஊசியிலுள்ள கண்ணியினூடே இழுக்கப் பழங்கண்ணி கீழிறங்கிப் புதுக்கண்ணி அவ்விடத்தே அமரும். இது சங்கிலிக் கண்ணி. இவ்வாறு 21 கண்ணிகள் பின்னுக. ஊசியின்மேல் நிற்கும் கண்ணியை எண்ணிக்கையிற் சேர்த்தலாகாது.

அடுத்தது ஒற்றைப் பின்னல். ஊசியிலிருந்து எண்ணி 2-ஆவது சங்கிலிக் கண்ணியில் ஊசியை நுழைத்து நூலைப் பற்றி இழுக்க, ஊசியில் 2 கண்ணிகள் நிற்கும். மீண்டும் நூலைப் பற்றி அவ்விரண்டினூடும் ஒருங்கே இழுக்க, ஒன்றே எஞ்சும். கண்ணிதோறும் இங்ஙனம் செய்தால் வரிசையில் 20 பின்னல்கள் அமையும். அப்பால் ஒரு சங்கிலிக் கண்ணியிட்டு, வேலையைத் திருப்பி, அடுத்த வரிசையை முதற் பின்னலிலிருந்தே தொடங்குக. ஈற்றுப் பின்னலை மறப்பின் வரிசைதோறும் அகலம் ஒடுங்கும். ஆதலின் ஒவ்வொரு வரிசையிலும் 20 உளவோ என எண்ணுதல் நன்று.

கற்பார் பெரும்பாலும் செய்யும் பிழை, நூலை இறுக்குதல். கண்ணி ஊசியின் தண்டளவு விரிதல் வேண்டும். கொக்கியின் கழுத்தளவிற் சுருங்கின் அடுத்த வரிசையில் ஊசி நுழையாது. தொடக்கத்தில் மெல்லிய நூலும் கரிய நூலும் ஆகா. வெளிர்நிறத் தடித்த நூலே கண்ணிகளைத் தெளிவாகக் காட்டும்.

யான் பின்னிய முதற் சங்கிலி ஊசியை விடமாட்டாது இறுகிற்று. அருகே அமர்ந்து, ஒரு ஷூ கம்பெனிக்காகக் காலணி மேற்பாகங்களைச் சோடிக் கணக்கிற் கூலிக்குத் தைத்துக்கொண்டிருந்த என் அன்னையார் அதனை வாங்கி நோக்கினார்கள். "பயந்து இழுத்திருக்கிறாய், கண்ணு. தோலில் விழுந்த துளை மூடாது. அங்கே தவறினால் கூலியைப் பிடிப்பார்கள். நூல் அப்படியன்று. அவிழ்த்துப் போட்டால் நட்டமொன்றுமில்லை," என்று கூறி நுனியை இழுத்தார்கள்; சங்கிலி முழுவதும் நொடியில் நூலாயிற்று. ஒவ்வொரு கண்ணியையும் அதற்கடுத்த கண்ணியே தாங்குதலின் இவ்வாறு அவிழ்கின்றது. இதனாலேயே வேலை முடிவில் நூலை அறுத்து, அந்நுனியை ஈற்றுக் கண்ணியினூடே இழுத்து இறுக்குதல் வேண்டும்.

இச்சிறு ஊசி பல குடும்பங்களைத் தாங்கியதுண்டு. அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று 1845-இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தில், பெண்கள் குரோஷாப் பின்னி விற்று உணவு தேடினர். நம் நாட்டில் கோதாவரிக் கரைப்பகுதியிலுள்ள நரசாப்பூரில் 19-ஆம் நூற்றாண்டில் மிஷனெரிமார் இதனைக் கற்பித்தனர். அவ்வூர்ப் பின்னலுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிட்டிற்று. ஆயின், மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அப்பெண்களைப் பற்றி 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர்தம் நெடும்பொழுதுழைப்பு இல்லத்தரசியரின் ஓய்வுநேர வேலையென்று கருதப்பட்டமையாற் கூலி மிகக் குறைந்ததென்பது அவர் கண்ட முடிவு. அதனை அறிந்தபின், சமையலுக்கும் துவையலுக்கும் இடையே என் அன்னையார் தைக்கும் சோடிகளைச் 'சும்மா இருக்கும் நேரத்து வேலை' என்று கூற என் நா எழவில்லை.

அப்போஸ்தலருடைய நடபடிகள் 9-ஆம் அதிகாரத்தில், தொற்காள் செய்துகொடுத்த வஸ்திரங்களைக் காட்டி யோப்பா பட்டணத்து விதவைகள் அழுகின்றனர். அவ்வதிகாரத்தின் முடிவிலேயே, பேதுரு அவ்வூரில் தோல் பதனிடும் சீமோன் வீட்டில் தங்குகின்றார். நூல் வேலையும் தோல் வேலையும் அங்கும் ஓரூரிலேயே இருந்தன.

நண்பர்களே, 20 பின்னல் அகலமும் 20 வரிசை உயரமும் உள்ள சிறு துண்டு ஒன்றைப் பின்னிப் பாருங்கள். அதற்கு 400 முறை ஊசி நுழைதல் வேண்டும். அத்துண்டு முடியுமுன்னரே, பிறர் கையுழைப்பின் விலையைப் பற்றி நாம் கொண்டிருக்கும் எண்ணம் சிறிது மாறியிருக்கும்.