தொழில் முயல்வோரும் துணையோர் அவையும்

சொந்தமாகத் தொழில் நடத்துவோருக்கு வேலையாட்கள் கிடைப்பர். கடன் கொடுப்போரும் கிடைப்பர். மனந்திறந்து யோசனை கேட்பதற்குரிய ஒத்த நிலையினர் கிடைப்பதுதான் அரிது. தொழிலில் நேர்ந்த நெருக்கடியைத் தொழிலாளியிடம் சொன்னால் அவன் அஞ்சுவான். கடன் கொடுத்தவரிடம் சொன்னால் அவர் பணத்தைத் திருப்பிக் கேட்பார். வீட்டாரிடம் சொன்னால் ஒருவர் கவலை பலர் கவலையாகும். இக்குறையைப் போக்க எழுந்ததே, தொழில் முயல்வோர் சிலர் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் ஆலோசனை கூறும் வழக்கம்.

இது புதிய வழக்கமன்று. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், 1727ஆம் ஆண்டில், அச்சுத் தொழில் செய்துவந்த இளைஞர் பெஞ்சமின் பிராங்ளின் ‘ஜன்டோ’ என்றொரு சிறு கூட்டத்தை அமைத்தார். கைத்தொழிலாளரும் வணிகரும் வெள்ளிக்கிழமை மாலைதோறும் கூடினர். ஊரில் எவர் தொழில் செழித்தது, எதனால் செழித்தது, எவர் தொழில் நொடித்தது, எதனால் நொடித்தது என்பன போன்ற வினாக்களை வரிசையாக எழுப்பி ஆராய்ந்தனர். 1731இல் அந்நகரில் தோன்றிய சந்தா நூலகம் அக்கூட்டத்தின் விளைவேயாம்.

இலங்கையின் மலைநாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. 1854ஆம் ஆண்டு கண்டியில் தோட்டத்துரைமார் சங்கம் நிறுவப்பெற்றது. அந்நாளில் மலைகளை மூடியிருந்தது கோப்பிப் பயிர். 1869இல் இலைத்துரு நோய் அப்பயிரைப் பற்றி, சில ஆண்டுகளில் பல தோட்டங்களை அழித்தது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867இல், லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். அவருங்கூடத் தாமாகவே எல்லாவற்றையும் கண்டறிந்தவரல்லர். இந்தியாவின் காச்சாரிலிருந்து வந்த தோட்டக்காரர் ஒருவரிடம் கொழுந்தை வாட்டவும் உருட்டவும் கற்றுக்கொண்டார். அவரிடமிருந்து பிற துரைமார் கற்றனர். 1875இல் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கராக இருந்த தேயிலை, அந்நூற்றாண்டு முடிவதற்குள் மூன்று இலட்சம் ஏக்கரைத் தாண்டிற்று. ஒருவர் கண்டது பலருக்கும் பரவியிராவிடில் இது கைகூடியிராது.

ஆயினும் இவ்வரலாற்றுக்கு மறுபுறமும் உண்டு. துரைமாருக்கிருந்த ஒற்றுமை தோட்டத் தொழிலாளருக்கு வாய்க்கவில்லை. ‘துண்டு’ முறையில், ஒருவன் மீதிருந்த கடன் ஒரு சீட்டில் குறிக்கப்பெற்று, அக்கடனைத் தீர்த்தாலன்றி அவன் வேறு தோட்டத்துக்குப் போக இயலாதிருந்தது. அம்முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. ஆலோசனைக்கெனக் கூடுவது வேறு. எளியோரை ஒடுக்கவும் விலையைக் கட்டவும் கூடுவது வேறு. முன்னது அறிவை வளர்க்கும். பின்னது அநீதியை வளர்க்கும்.

இன்று இலங்கைத் தேயிலையில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் சிறு தோட்ட உடைமையாளர் நிலங்களிலிருந்தே வருகின்றது. நுவரெலியா, ஹட்டன் பகுதிகளிலும் தேயிலைத் துண்டு நிலமோ, மரக்கறித் தோட்டமோ, சிறு கடையோ வைத்து வாழ்வோர் பலர். அரை ஏக்கர் உடையவர் கொழுந்தைத் தொழிற்சாலைக்குக் கொடுக்கிறார். ஈரத்துக்காக இத்தனை கிலோ கழிவு, முற்றிய இலைக்காக இத்தனை கிலோ கழிவு என்று சீட்டு வருகின்றது. அக்கழிவு நியாயமானதா என்பதைத் தனியாக இருக்கும் அவர் எவ்வாறு அறிவார்? பத்துப்பேர் தத்தம் சீட்டுகளை ஒரே மேசைமீது வைத்தால் உண்மை தானே புலப்படும். கழிவு எல்லார்க்கும் ஒன்றாயின் தொழிற்சாலையிடம் விளக்கம் கேட்கலாம். ஒருவர்க்கு மட்டும் மிகுந்திருப்பின், அவர் கொழுந்து பறிக்கும் முறையையும் சாக்கில் அடைக்கும் முறையையும் திருத்திக்கொள்ளலாம்.

இத்தகைய அவை பயன்தர வேண்டுமானால் சில நெறிகள் வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு பேர் போதும். மாதம் ஒருமுறை, குறித்த நாளில் கூடுதல் வேண்டும். ஒரு கூட்டத்தில் ஓரிருவர் சிக்கல்களையே எடுத்துக்கொள்ள வேண்டும். சிக்கலைச் சொன்னவரிடம் முதலில் வினாக்களைக் கேட்டு, அதன் பின்னரே யோசனை கூற வேண்டும். ஏனெனில் வினாக்களுக்கு விடையிறுக்கும்போதே பலர்க்கும் வழி தெளிந்துவிடும். அவையில் பேசியது வெளியே செல்லலாகாது. சென்ற மாதம் செய்வதாகச் சொன்னதைச் செய்தாரா என்று அடுத்த மாதம் கேட்க வேண்டும். நேர்ப் போட்டியாளர் இருவரை ஒரே அவையில் சேர்க்காதிருப்பது நலம். சேர்ந்தால் இருவரும் வாய்திறவார்.

2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, என்ன செய்வதென்று ஒவ்வொரு சிறு பயிர்ச்செய்கையாளரும் தவிக்க நேர்ந்தது. கையிலுள்ள உரத்தை எந்தச் செடிக்கு முதலில் இடுவது, எதைக் கவாத்துச் செய்து ஓய்வில் விடுவது என்னும் கேள்விகளுக்கு விடை தேட, அண்டை நிலத்தாரின் அனுபவம் பேருதவியாகும். ஆனால் நெருக்கடி வந்த பின் அவை கூட்ட முனைவது, மழை தொடங்கிய பின் கூரை வேய்வது போன்றதாகும். ஒருவரையொருவர் நம்பும் பழக்கம் நல்ல காலத்திலேயே அமைய வேண்டும். அதற்குப் பெரும் முதல் தேவையில்லை. மாதத்தில் ஒரு மாலைப்பொழுதும், தன் கணக்கைத் தன்னையொத்தவர்முன் ஒளியாது வைக்கும் துணிவுமே தேவை.