தினமும் காலையில் ஏஐ-க்குப் பாடம் எடுக்கிறீர்களா? ஒரு கோப்பு போதும்!

“இந்த புராஜெக்ட்ல என்பிஎம் கிடையாதுப்பா, பிஎன்பிஎம்தான்.” நேற்று மாலை டைப் செய்த அதே வரியை இன்று காலையும் டைப் செய்கிறார் ஒரு டெவலப்பர். நாளையும் செய்வார். எதிரில் இருப்பது புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஜூனியர் அல்ல, ஏஐ கோடிங் உதவியாளர். ஜூனியராக இருந்தால் ரெண்டாவது நாளே பழகியிருப்பார்.

கிளாட் கோட், கர்சர், கோபைலட், கோடெக்ஸ் என எதை எடுத்தாலும், உள்ளே இருக்கும் மொழி மாடலுக்கு நேற்றைய பேச்சு நினைவில் இருக்காது. அந்த நேரத்தில் அதன் முன் வைக்கப்பட்ட எழுத்துகள் மட்டும்தான் அதற்குத் தெரியும். இதைத்தான் கான்டெக்ஸ்ட் என்கிறார்கள். புது செஷன் திறந்தால் கரும்பலகையை அழித்த மாதிரி. சில கருவிகள் தாமாகவே குறிப்பெடுத்து வைக்கத் தொடங்கியிருக்கின்றன. ஆனால் அதுவும் ஒரு கோப்பில் எழுதி வைத்து மறுபடி படிப்பதுதான்.

அந்தக் கோப்பை நாமே எழுதி வைத்துவிட்டால்?

எங்கே வைப்பது?

புராஜெக்ட்டின் முதன்மை ஃபோல்டரில். கிளாட் கோட் என்றால் கோப்பின் பெயர் ‘கிளாட் டாட் எம்டி’. ‘கிளாட்’ என்பதைப் பெரிய ஆங்கில எழுத்துகளில் எழுத வேண்டும். கோடெக்ஸ், கர்சர் உள்ளிட்ட பல கருவிகள் ‘ஏஜென்ட்ஸ் டாட் எம்டி’ என்ற பொதுப் பெயரைத் தேடும். டீமில் ஆளுக்கொரு கருவி என்றால், எல்லாவற்றையும் ஏஜென்ட்ஸ் கோப்பில் எழுதிவிட்டு, கிளாட் கோப்பில் அட் குறியுடன் அதன் பெயரை மட்டும் போட்டால் போதும். அதையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

கிளாட் கோடில் ‘ஸ்லாஷ் இனிட்’ என்று அடித்தால், கோடை அலசி அதுவே ஒரு வரைவைக் கொடுத்துவிடும். அதை அப்படியே வைத்துக்கொள்வதுதான் பலரும் செய்கிற தப்பு. கோடைப் பார்த்தாலே தெரிகிற விஷயங்கள்தான் அதில் நிறைய இருக்கும்.

கோடைப் பார்த்தால் தெரியாதவைதான் கோப்பில் இருக்க வேண்டும். ‘தரமான கோட் எழுது’ என்ற வரியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ‘முழு டெஸ்ட்டையும் ஓட்டாதே, 20 நிமிஷம் ஆகும், மாற்றிய ஃபோல்டரின் டெஸ்ட்டை மட்டும் இந்தக் கட்டளையால் ஓட்டு’ என்பது உபயோகமான வரி. ‘பேமென்ட் ஃபோல்டரில் இருக்கும் பழைய ஃபங்ஷனை நீக்காதே, பழைய மொபைல் ஆப் இன்னும் அதைத்தான் கூப்பிடுகிறது’ என்பது அதைவிட உபயோகமானது. அந்தத் தகவல் கோடில் எங்கேயுமே இருக்காது. சீனியர் ஒருவரின் தலைக்குள் மட்டும் இருக்கும். அவர் லீவில் இருக்கும் நாளில்தான் ஏஐ அந்த ஃபங்ஷனை ‘யாரும் பயன்படுத்தவில்லை’ என்று சொல்லித் தூக்கிவிடும்.

அதற்காகத் தோன்றியதை எல்லாம் கொட்டக் கூடாது. முழுக் கோப்பும் ஒவ்வொரு செஷனிலும் ஏற்றப்படுகிறது. டோக்கன் செலவு ஒரு பக்கம். கோப்பு நீண்டுகொண்டே போனால் முக்கியமான வரி கூட்டத்தில் காணாமல் போவது இன்னொரு பக்கம். 200 வரிகளுக்குள் வைக்கச் சொல்கிறது ஆந்த்ரோபிக் ஆவணம். ஒரு பகுதிக்கு மட்டும் பொருந்தும் விதிகளை அந்தத் துணை ஃபோல்டரிலேயே தனிக் கோப்பாக வைக்கலாம். அங்கே உள்ள கோப்புகளைத் தொடும்போதுதான் கிளாட் கோட் அதைப் படிக்கும்.

கோப்பு ஏறியதா என்று பார்ப்பது சுலபம். கிளாட் கோடில் ‘ஸ்லாஷ் மெமரி’ கட்டளை, எந்தெந்தக் கோப்புகள் என்று காட்டிவிடும்.

எழுதிவிட்டால் கேட்குமா?

பெரும்பாலும் கேட்கும். எப்போதும் அல்ல. இந்தக் கோப்பு ஓர் அறிவுரை, பூட்டு அல்ல. ‘புரொடக்‌ஷன் டேட்டாபேஸைத் தொடாதே’ என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. அதற்குக் கருவியின் செட்டிங்கில் அனுமதியையே மறுக்க வேண்டும், அல்லது ஹுக் எனப்படும் தடுப்பு ஸ்கிரிப்ட் வைக்க வேண்டும். அதைவிட முக்கியம், அந்த பாஸ்வேர்டே ஏஐ ஓடும் கணினியில் இருக்கக் கூடாது. கோப்பிலும் எழுதவே கூடாது: ஒரு பிரதி கிட்டுக்குப் போகும், இன்னொன்று ஏஐ நிறுவனத்தின் சர்வருக்கு.

பழசாகிப்போன கோப்பும் ஆபத்துதான். ஆறு மாதத்துக்கு முன் கைவிட்ட டெப்ளாய் கட்டளை அதில் இருந்தால், ஏஐ தயங்காமல் அதையே ஓட்டப் பார்க்கும். கோட் மாறும் அதே புல் ரிக்வெஸ்ட்டில் இந்தக் கோப்பும் மாற வேண்டும், ரிவ்யூவும் ஆக வேண்டும்.

அடுத்தவர் எழுதிய கோப்பு

தானாக ஏறும் வசதிக்கு இன்னொரு முகமும் உண்டு. இணையத்தில் கிடைத்த புராஜெக்ட்டை கிளோன் செய்து திறந்தால், முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய உத்தரவுகளும் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத யூனிகோட் எழுத்துகளை விதிக் கோப்புக்குள் ஒளித்து, கர்சரையும் கோபைலட்டையும் தீங்கான கோட் எழுத வைக்க முடியும் என்று 2025 மார்ச்சில் பில்லர் செக்யூரிட்டி நிறுவனம் காட்டியது. மனிதர் படித்தால் சாதாரணக் கோப்பு. மாடல் படித்தால் வேறு கதை. அதே ஆண்டு மே மாதம், இத்தகைய மறைந்த எழுத்துகள் இருந்தால் எச்சரிக்கை காட்டும் வசதியை கிட்ஹப் தனது தளத்தில் சேர்த்தது. கிளோன் செய்து லேப்டாப்பில் திறப்பவர்களுக்கு அந்த எச்சரிக்கை வராது. ஏஐ-யைத் தொடங்குவதற்கு முன், எடிட்டரில் மறைந்த எழுத்துகளைக் காட்டும் செட்டிங்கைப் போட்டு, அந்தக் கோப்பை ஒருமுறை அவர்களே படித்துவிட வேண்டியதுதான்.