கதவுக் குமிழ் போட்ட ஓட்டை

கனடா, அமெரிக்க வீடுகளின் டிரைவால் சுவரைப் பழுதுபார்க்கச் சில வழிகள்

டொரொன்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோ, அதைத் தாண்டி ஏஜாக்ஸ் பக்கம் வீடு வாங்கிக் குடியேறும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சுவர் ஒரு புதிய பாடம். சாமி படம் மாட்ட ஆணி அடித்தால், ஒரே தட்டில் ஆணி உள்ளே போய்விடும். படத்தை மாட்டிய பிறகு ஆணியும் படமும் சுவரின் ஒரு சில்லும் சேர்ந்தே கீழே விழும். பிள்ளைகள் ஓடிவந்து திறக்கிற கதவின் குமிழ், சுவரில் வட்டமாக ஓர் ஓட்டை போடும். செங்கல் சுவரில் கை பழகியவர்கள் ‘அட்டைச் சுவர்’ என்று சலித்துக்கொள்வார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது.

தாளில் இருக்கிறது பலம்

டிரைவால் என்பது இரண்டு கனத்த தாள்களுக்கு நடுவே ஜிப்சத்தை நிரப்பி இறுக வைத்த பலகை. வீட்டுச் சுவர்களில் பெரும்பாலும் அரை அங்குல கனம். நான்கடி அகலம், எட்டடி நீளம். பழைய வகைப் பலகை ஒன்று ஏறத்தாழ 25 கிலோ. இப்போது வரும் இலகு வகை 18 கிலோ அளவில் இருக்கும். 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிறுத்திய மரச்சட்டங்களின் மேல் இதைத் திருகி மூடுகிறார்கள். சட்டங்களுக்கு நடுவே வெற்றிடம். அதில்தான் மின்கம்பிகளும் தண்ணீர்க் குழாய்களும் போகின்றன.

ஜிப்சம் தனியாக நின்றால் பொடிந்துவிடும். அதை வளையாமலும் உடையாமலும் பிடித்துவைத்திருப்பது மேல்தாள். தாள் கிழிந்த இடத்தில் பலகைக்குப் பலம் இல்லை. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, வேதியியல் முறையில் கட்டுண்ட தண்ணீர். தீப்பிடித்தால் அந்தத் தண்ணீர் ஆவியாகி வெளியேறி முடியும்வரை, சுவரின் மறுபக்கம் சூடேறுவது தாமதமாகிறது. மரத்தால் கட்டிய வீடுகளில் இது பெரிய பாதுகாப்பு.

இதற்கு முன்னோடியான பலகைக்கு அமெரிக்கரான அகஸ்டின் சாக்கெட் 1894-இல் காப்புரிமை பெற்றார். அது காரைப் பூச்சுக்கு அடித்தளமாக இருக்க வந்தது. பிறகு அவருடைய நிறுவனத்தை யுனைடெட் ஸ்டேட்ஸ் ஜிப்சம் வாங்கியது. ‘ஷீட்ராக்’ என்ற பெயரில் 1917 முதல் பலகைகளை விற்றது. ஆனாலும் கொத்தனார் கையால் பூசிய சுவர்தான் நல்ல சுவர் என்ற எண்ணம் எளிதில் போகவில்லை. இரண்டாம் உலகப் போரும், போர் முடிந்ததும் வந்த வீட்டுத் தேவையும்தான் நிலையை மாற்றின. பூச்சு காயக் காத்திருந்த வேலையைப் பலகை சில நாட்களில் முடித்தது.

ஓட்டைக்கு முன் காரணம்

பட்டி டப்பாவைத் திறக்கும் முன் ஒரு கேள்வி: இது ஏன் வந்தது?

கூரையில் பழுப்பு வளையம் தெரிந்தால் மேலே எங்கோ ஒழுகுகிறது. ஒழுக்கை நிறுத்தாமல் கறையின் மேல் பெயின்ட் அடித்தால், கறை திரும்பி வரும். நனைந்த பலகை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். தாள் அதற்கு நல்ல தீனி. தொட்டால் அமுங்குகிற பலகையைக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம், வெட்டி எடுத்துவிடுவதே சரி. குளிர்காலத்தில் சமையல் ஆவி போக வழியில்லாத வீட்டில், வெளிச்சுவர் மூலைகளிலும் அலமாரிக்குப் பின்னாலும் கறுப்புப் புள்ளிகள் தோன்றும். அங்கே முதலில் வேண்டியது, புகைபோக்கி விசிறியை ஓடவிடுவது.

சுவரில் சின்ன வட்டமாக ஒரு புடைப்பு தெரிந்தால், மரச்சட்டம் காய்ந்து சுருங்கி ஆணித்தலையை வெளியே தள்ளியிருக்கிறது. ஹீட்டர் ஓடுகிற மாதங்களில் உலர்ந்த காற்றால் இது அதிகமாகும். அந்த ஆணியைத் திரும்ப அடித்தால் அடுத்த குளிர்காலத்தில் மறுபடி எட்டிப்பார்க்கும். அதற்குச் சற்று மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக டிரைவால் திருகாணிகளைச் சட்டத்தில் இறுக்கி, ஆணியைப் பிடுங்கிவிட வேண்டும். மேல்மாடியில், கூரையும் நடுச்சுவரும் சேரும் மூலையில் குளிர்காலத்தில் திறந்து கோடையில் மூடிக்கொள்ளும் விரிசல், பல நேரம் கூரைச் சட்டக்கூடு மேலே வளைவதால் வருவது. அதைப் பட்டியால் அடைத்துப் பயனில்லை.

அளவுக்கேற்ற வைத்தியம்

படம் மாட்டிய ஆணி ஓட்டைகள் எளிது. ஆணி பிடுங்கும்போது விளிம்பு மேலெழும்பி நிற்கும். அதைப் பட்டி பூசும் பிளேடின் பிடியால் உள்ளே அழுத்திவிட்டுப் பட்டி தடவ வேண்டும். அழுத்தாமல் தடவினால் அந்த மேடு பெயின்டுக்குப் பிறகும் தெரியும்.

கதவுக் குமிழ் போட்ட ஓட்டைக்கு, ஒட்டும் வலையோடு வரும் அலுமினியத் தகடு கடைகளில் கிடைக்கிறது. ஒட்டி, மேலே பட்டி பரப்பலாம். கதவுத் தடுப்பு ஒன்றைப் பொருத்தாமல் விட்டால் அதே இடம் மறுபடி உடையும்.

கையளவு ஓட்டைக்கு, அங்குள்ள கைவினைஞர்கள் ‘கலிஃபோர்னியா பேட்ச்’ என்று சொல்லும் முறை நல்லது. ஓட்டையைச் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். அதைவிட எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் பெரிதாகப் புதிய பலகைத் துண்டு ஒன்றை எடுத்து, பின்பக்கம் கீறி, ஓரங்களிலுள்ள ஜிப்சத்தை மட்டும் உரித்தெடுங்கள். நடுவில் பலகை, சுற்றிலும் முன்தாள் என்று நிற்கும். ஓட்டையைச் சுற்றிப் பட்டி தடவி, துண்டை உள்ளே செருகி, தாளை அழுத்தி ஒட்டினால் தனியாக டேப் தேவையில்லை.

அதைவிடப் பெரிய ஓட்டைக்கு உள்ளிருந்து தாங்க ஏதாவது வேண்டும். மெல்லிய மரப்பட்டையை உள்ளே விட்டு இருபுறமும் திருகி, அதன்மேல் புதிய துண்டை இறுக்குவார்கள். திருகாணித் தலை தாளைக் கிழிக்காமல் சின்னக் குழி விழும் அளவுக்கு மட்டும் இறங்க வேண்டும். கிழித்தால் பிடிப்பு போய்விடும். வெட்டும்போது ரம்பத்தை ஆழமாக விடாதீர்கள். முதலில் சிறிதாகத் திறந்து, டார்ச் அடித்து, கம்பியும் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கராஜுக்கும் வீட்டுக்கும் நடுச்சுவர், கீழ்த்தள வாடகைக் குடியிருப்பின் கூரை ஆகியவற்றில் தனிக் கவனம் வேண்டும். தீயையும் கார்ப் புகையையும் தடுக்கவே அவை கட்டப்பட்டவை. 5/8 அங்குலத் தீத்தடுப்புப் பலகை இருந்த இடத்தில் அதே வகைதான் போக வேண்டும். இணைப்புகளை டேப் போட்டு முழுதாக மூட வேண்டும்.

திணிக்காதே, பரப்பு

சிமென்ட் பழகிய கை, பள்ளத்தைக் கண்டால் ஒரே தடவையில் நிரப்பி மேலே தேய்த்துவிடப் பார்க்கும். டிரைவாலில் தவறு நேரும் இடம் இதுதான். டப்பாவில் கலந்து வரும் பட்டி, தண்ணீர் வற்றிக் காய்வது, காயும்போது சுருங்கும். கனமாக வைத்தால் வெடிக்கும். மெல்லியதாக மூன்று கை பூசுவதே வழக்கம். ஒரு கைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு நாள் காயவிட வேண்டும்.

இணைப்பில் முதலில் தோசைமாவுப் பதத்தில் பட்டி தடவி, காகித டேப்பை அதில் பதித்து, அடியில் காற்று நிற்காமல் வழித்தெடுப்பார்கள். அடுத்த கைக்கு அகலமான பிளேடு. மூன்றாவதற்கு இன்னும் அகலம். ஆறு அங்குலத்தில் தொடங்கியது பன்னிரண்டில் முடியும். உள்ளங்கை அகலப் பழுதுக்குச் சுற்றிலும் ஓரடி பட்டி பரப்புவது முதலில் வீண்வேலையாகத் தெரியும். மேடு இருக்கத்தான் செய்யும். அதன் சரிவை நீட்டினால் கண்ணுக்குப் பிடிபடாது.

நேரம் இல்லாதவர்களுக்குத் தண்ணீரில் கலக்கும் தூள் வகை உண்டு. 20, 45, 90 என்று பையிலேயே நிமிடக் கணக்குப் போட்டிருக்கும். இது காய்வதில்லை, வேதிவினையில் இறுகுகிறது. ஆழமான பள்ளத்தின் முதல் கைக்கு ஏற்றது. ஆனால் இறுகிய பிறகு தேய்ப்பது கடினம். கடைசிக் கைக்கு டப்பாப் பட்டியே நல்லது.

தூசிக்கு அஞ்சுக

உப்புத்தாளை எடுக்கும் முன் வீட்டின் வயதைப் பாருங்கள். பழைய பட்டியில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது; அமெரிக்கா 1977-இல் சுவர்ப் பட்டியில் அதைத் தடை செய்தது. கனடாவில் 1990-க்கு முன் கட்டிய வீடு என்றால், தேய்ப்பதற்கும் வெட்டுவதற்கும் முன் மாதிரி எடுத்துச் சோதித்துக்கொள்வது நல்லது. புள்ளி புள்ளியாய்த் துருத்தி நிற்கும் பழைய ‘பாப்கார்ன்’ கூரைகளுக்கும் இது பொருந்தும்.

புதிய பட்டியின் தூசியும் நுரையீரலுக்கு ஆகாது, சிலிக்கா இருக்கக்கூடும். என்95 முகக்கவசம் அணிந்து, அந்த அறையின் காற்றுத் துளைகளை மூடி, ஃபர்னஸ் விசிறியை நிறுத்திவிட்டுத் தேயுங்கள். இல்லாவிட்டால் வீடு முழுக்க மாவுத் தூசி படியும். சிறிய பழுதுக்கு ஈரப் பஞ்சால் துடைத்துச் சமப்படுத்தினால் தூசியே எழாது.

அடுத்தது பிரைமர். பட்டி பெயின்டை உறிஞ்சும் விதம் வேறு, பழைய சுவர் உறிஞ்சும் விதம் வேறு. பிரைமர் போடாமல் பெயின்ட் அடித்தால், பூசிய இடம் மங்கலாகத் திட்டாகத் தெரியும். மேல்தாள் உரிந்து பழுப்புத் தாள் வெளியே வந்திருந்தால், பட்டிக்கு முன்பே அதன்மேல் சீலர் அடிக்க வேண்டும். இல்லையேல் ஈரம்பட்டுக் குமிழ் கிளம்பும். பெயின்டைப் பழுதுபட்ட இடத்தில் மட்டும் அடிக்காமல், மூலையிலிருந்து மூலைவரை அந்தச் சுவர் முழுவதும் அடிப்பதே நல்லது.

திரும்பி வரும் விரிசல்

இவை எல்லாம் ஒரு வாரஇறுதியில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைகள். ஒரே இடம் மீண்டும் மீண்டும் விரிந்தால் கதை வேறு. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, ஒரு முனையில் அகன்றுகொண்டே போகும் விரிசலைப் பாருங்கள். அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள். சில மாதங்களில் அது கோட்டைத் தாண்டியிருந்தாலோ, பக்கத்துக் கதவு சட்டத்தில் இடிக்கத் தொடங்கியிருந்தாலோ, வீட்டின் அடித்தளம் நகர்ந்துகொண்டிருக்கலாம். அப்போது அழைக்க வேண்டியவர் பெயின்டர் அல்ல, கட்டமைப்புப் பொறியாளர். அவர் வந்து பார்க்கும்வரை அந்த விரிசலை மூடாதீர்கள். அவருக்கு வேண்டிய சாட்சியம் அதில்தான் இருக்கிறது.